மச்சாளின் போனஸும் என் கையொப்பமும்

அந்தப் போனஸ் எனக்குக் கிடைக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததைக் கேள்விப்பட்ட சொந்தக்காரர்களில் பாதிப் பேர், "உமக்குக் கிடைக்கேல்லை, அந்த எரிச்சல்" என்று என் முகத்துக்கு நேரே சொன்னார்கள். மீதிப் பேர் அதையே நான் இல்லாத இடத்தில் சொன்னார்கள்.

லண்டனில் ஒரு உள்ளூர்க் கவுன்சிலின் சட்டப் பிரிவில் வழக்கறிஞராக வேலை செய்கிறேன். வாடகைப் பிணக்கு, உரிமம் இல்லாமல் நடக்கும் கடை, பக்கத்து வீட்டுக்காரன் அரை அடி தள்ளிக் கட்டிய மதில், இப்படி ஊர்ச் சண்டையெல்லாம் கடைசியில் எங்கள் மேசைக்குத்தான் வரும். பிள்ளைகள் சின்னவர்கள் என்பதால் வாரத்தில் மூன்று நாள் மட்டும் போய்வருவேன்.

எங்கள் பிரிவில் இருந்த கெட்டிக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தனியார் நிறுவனங்களுக்குத் தாவத் தொடங்கினார்கள். மிஞ்சியவர்களைப் பிடித்துவைக்க மேலிடம் ஒரு போனஸ் கொண்டுவந்தது. முழுநேர வழக்கறிஞர்களுக்கு மட்டும். மூன்று நாள் வேலைக்காரி ஓடினால் ஓடட்டும் என்று நினைத்தார்கள் போலும். நான் போய்ச் சண்டை பிடித்தேன், தோற்றேன். அதோடு விட்டுவிட்டேன் என்று சொன்னால் பொய். ஒரு மாதம் யாருக்கும் தேநீர் போட்டுக் கொடுக்கவில்லை.

அந்தப் போனஸில் ஒரு வில்லங்கம் இருந்தது. கவுன்சிலர்கள் வருடம்தோறும் கூடி வாக்களித்துச் சம்பளக் கொள்கை ஒன்றை நிறைவேற்றுவார்கள். எந்தத் தரத்தில் இருப்பவருக்கு அதிகபட்சம் எவ்வளவு கொடுக்கலாம் என்று அதில் வரையறுத்திருக்கும். போனஸ், படி என்று எந்தப் பெயரில் கொடுத்தாலும் எல்லாம் சேர்த்துத்தான் அந்த வரம்பு. அதைத் தாண்ட வேண்டுமென்றால் மறுபடியும் கவுன்சிலர்களிடம் போய் வாக்குக் கேட்க வேண்டும். எங்கள் ஆட்கள் கேட்கவில்லை. சம்பளத்தையும் போனஸையும் கூட்டினால் மூத்த வழக்கறிஞர்கள் எல்லோருமே வரம்பைத் தாண்டி நின்றார்கள். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் சட்டத்தைக் காட்டி நோட்டீஸ் அனுப்புகிற கூட்டம், தன் சம்பளம் என்று வந்தபோது மட்டும் சட்டப் புத்தகத்தைத் திறக்கவில்லை.

அந்த மூத்தவர்களில் ஒருவர் என் மச்சாள், என் கணவரின் அக்கா.

இது அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. எங்கள் தமிழ்ச் சனத்துக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. என் பெயருக்குப் பின்னால் என் அப்பாவின் பெயர். மச்சாளின் பெயருக்குப் பின்னால் அவர் கணவரின் பெயர். என் கணவரின் பெயருக்குப் பின்னால் அவர்களுடைய அப்பாவின் பெயர். கடுதாசியில் பார்த்தால் மூன்று பேரும் மூன்று குடும்பம். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, மச்சாள் என்னைக் கீழே உள்ள கோப்பிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"இஞ்சை நாங்கள் சொந்தம் எண்டு ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம். உம்மை எடுத்ததிலை எனக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் தெரிஞ்சால் அப்பிடித்தான் கதைப்பினம். நீர் உம்மட பாட்டிலை இரும், நான் என்ரை பாட்டிலை இருக்கிறன்."

ஓம் என்று தலையாட்டினேன். உள்ளுக்குள் சுட்டது. வீட்டில் என் பிள்ளைகளைக் குளிப்பாட்டிச் சோறு தீத்துகிற மனுசி, அலுவலகத்தில் எதிரே வந்தால் ஆங்கிலத்தில் ஒரு "மோர்னிங்" சொல்லிவிட்டுப் போவார். லிப்டில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தால், "இரவுக்குக் கணவாய்க் கறி கொண்டு வாறன், காய்ச்சாதையும்" என்பார். கதவு திறந்ததும் வேறு ஆளாகிவிடுவார்.

ஒரு வியாழக்கிழமை எங்கள் பிரிவின் தலைவர் பிஸ்கட் டின்னோடு என் மேசைக்கு வந்தார். ஆங்கிலேயர், நல்ல மனிதர்தான். பிஸ்கட்டோடு வந்தால் மட்டும் ஏதோ பாரம் என் தலையில் இறங்கப் போகிறது என்று அர்த்தம். கணக்காய்வாளர்கள் போனஸைப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்டிருந்தார்கள். இது சட்டப்படி சரிதான் என்று எங்கள் பிரிவே ஒரு சட்டக் கருத்து எழுதித் திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். தலைவர் எழுதிவிட்டார். இனி இரண்டாவது ஆள் வாசிக்க வேண்டும்.

எங்கள் பிரிவின் வழக்கம் அது. யார் எந்தக் கருத்தை எழுதினாலும், அதை எழுதாத இன்னொரு வழக்கறிஞர் வாசித்து, ஒப்புக்கொண்டு, மூலையில் தன் கையொப்பத்தை வைத்த பிறகுதான் அது வாசலைத் தாண்டும். வாசிப்பவருக்கு அந்த விடயத்தில் சொந்த நலன் ஒன்றும் இருக்கக் கூடாது.

"எல்லோருக்கும் இந்தப் போனஸ் கிடைக்கிறது. உங்கள் ஒருவருக்குத்தான் கிடைக்கவில்லை" என்றார், ஏதோ பரிசு கொடுப்பவர்போல. "நீங்கள் வாசித்தால் யாரும் விரல் நீட்ட முடியாது."

"வெளியே ஒரு பாரிஸ்டரிடம் கேட்கலாமே?"

"கேட்டால் நமக்கே சந்தேகம் இருக்கிறது என்று ஆகிவிடும்" என்று சொல்லி, பிஸ்கட்டை என் பக்கம் தள்ளினார்.

அந்த இடத்திலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கும் நலன் இருக்கிறது, அதோ அந்தக் கண்ணாடி அறைக்குள் இருப்பவர் என் கணவரின் அக்கா என்று. வாய் வரை வந்தது. கோப்பிக் கடையில் தலையாட்டியது நினைவுக்கு வந்தது. அந்த ரகசியம் என்னுடையது மட்டுமில்லை, அவரைக் கேட்காமல் உடைக்கக் கூடாது என்று நினைத்தேன். காகிதங்களைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ரயிலில் வாசித்தேன். தலைவர் கெட்டிக்காரர். நாலு பக்கம் சுற்றிச் சுழன்று, போனஸ் சம்பளத்தில் சேராது என்று நிறுவியிருந்தார். சேரும் என்று கொள்கையில் பச்சையாக எழுதியிருந்ததை மட்டும் கவனமாகத் தொடாமல் விட்டிருந்தார்.

சனிக்கிழமை மச்சாளின் புது வீட்டுக்குப் பால் காய்ச்சல்.

கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்கிற ஊரில் ஒரு வரிசை வீடு. பின்னால் கண்ணாடிக் கூரை போட்ட குசினி. கல்யாணமான நாள் தொட்டு மச்சாள் வாடகை வீட்டில்தான் இருந்தவர். அண்ணை, அதாவது மச்சாளின் கணவர், கடையை நட்டத்தில் மூடிவிட்டு முதுகு வலியோடு வீட்டில் இருக்கிறார். வங்கி மச்சாளின் சம்பளத்தைப் பார்த்துத்தான் கடன் கொடுத்தது. அந்தச் சம்பளத்துக்குள் போனஸும் இருந்தது. போனஸ் நின்றால் மாதத் தவணை கட்ட ஏலாது. வாங்கியதையும் திருப்பிக் கேட்டால் வீடே நிற்காது. இது எனக்குத் தெரியும். நான் இதைத் தெரிந்துகொண்டேதான் புதுச் சேலை கட்டிக்கொண்டு போனேன்.

புதுக் குசினியில் இண்டக்ஷன் அடுப்பு. அதில் பித்தளைப் பானை சூடேறாது. ஐயர் முகத்தைச் சுளிக்க, யாரோ காரில் ஓடிப்போய்க் காம்பிங் காஸ் அடுப்பு ஒன்றை எடுத்து வந்தார்கள். புகை மணி அலறாமல் இருக்க அதைக் குளியல் தொப்பியால் மூடிக் கட்டினார் என் கணவர். வீடு நிறையச் சனம். வால்தம்ஸ்டோவிலிருந்தும் லூயிஷாமிலிருந்தும் வந்திருந்தார்கள். பால் ஊற்றும் நேரம் வந்ததும் மச்சாள் கூட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"தம்பியின்ரை மனுசி எங்கை? அவதான் முதல் ஊத்தவேணும். எங்கட வீட்டு மூத்த மருமகள்."

எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். நான் போய்ப் பாலை ஊற்றினேன். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. நல்ல சகுனம் என்று எல்லோரும் சந்தோசப்பட்டார்கள். எனக்கு அந்த வீட்டை விட்டு ஓட வேண்டும் போல இருந்தது.

சாப்பாடு முடிந்ததும் மச்சாள் என்னை மேலே கூட்டிக்கொண்டு போனார். கட்டில் இன்னும் வராத அறை. கதவைச் சாத்தினார்.

"அந்தக் கருத்தை உம்மட்டைத்தான் குடுத்தவராம். வாசிச்சனீரோ?"

"வாசிச்சன்."

"என்ன செய்யப் போறீர்?"

"மச்சாள், நான் உங்கட சொந்தம் எண்டு அவரிட்டைச் சொல்லப் போறன். நான் இதை வாசிக்கவே கூடாது."

"சொன்னால் அது வெளியிலை பாரிஸ்டரிட்டைப் போகும். அவன் என்ன சொல்லுவான் எண்டு உமக்குத் தெரியும்தானே."

"தெரியும். உங்களுக்கும் தெரியும்."

மச்சாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே தோட்டத்தில் என் பிள்ளைகள் புல்லில் உருண்டுகொண்டிருந்தார்கள்.

"நான் கொள்ளை அடிக்கேல்லை. தாங்களாக் கூப்பிட்டுத் தந்தவை. நான் கேட்டனானோ? நீர் ஒரு மூலையிலை கையொப்பம் வைச்சால் போதும். ஒரு மூலை."

"பிழை எண்டு தெரிஞ்சுகொண்டு எப்பிடி வைக்கிறது?"

"அப்ப உமக்குத் தந்திருந்தால் சரியாயிருந்திருக்கும், என்ன?"

அது முழுப் பொய்யாக இருந்திருந்தால் அவ்வளவு வலித்திராது. எனக்குத் தந்திருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேனா என்று வியாழக்கிழமையிலிருந்து என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கோபம் முழுவதும் மச்சாள் மேல் திரும்பியது.

"ஓம், எரிச்சல்தான்! எழுதி ஒட்டுங்கோ!" என்று கத்திவிட்டேன். கீழே பேச்சுச் சத்தம் நின்றது.

மச்சாள் கதவைத் திறந்துகொண்டே சொன்னார். "சொந்தம் எண்டு மட்டும் சொல்லாதையும். ஆக அதொண்டுதான் கேக்கிறன்."

காரில் வரும்போது என் கணவர்தான் ஓட்டினார். அவர் கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன். கோபப்படவில்லை. சிக்னலில் நின்றபோது, "அக்கா பகல் படிச்சு, பின்னேரம் பெற்றோல் செட்டிலை நிண்டுதான் என்னைக் கொழும்பிலை இருந்து இஞ்சை எடுத்தவ" என்றார். அவ்வளவுதான். எனக்குத் தெரிந்த கதைதான். "உங்கட அக்கா, நீங்கள் சொல்லுங்கோ, நான் என்ன செய்ய?" என்று கேட்டேன். "எனக்கு உங்கட சட்டம் விளங்காது" என்று சொல்லி வண்டியை எடுத்தார்.

ஞாயிறு முழுக்க ஒரு முடிவுக்கு வந்து, அதை விட்டு, திரும்ப வந்து, கடைசியில் சட்டம் படித்தவள் செய்யக்கூடாத முட்டாள்தனம் ஒன்றைத் தீர்மானித்தேன். மச்சாள் கேட்டபடி சொந்தத்தைச் சொல்வதில்லை. மச்சாள் கேட்ட கையொப்பத்தையும் வைப்பதில்லை. சொந்தக்காரருக்குப் பாதகமாகத்தானே எழுதப் போகிறேன், இதில் என்ன பிழை என்று எனக்கு நானே வாதாடி, எனக்கு நானே தீர்ப்பும் கொடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமைக் கூட்டத்துக்குப் பிரிவு முழுவதும் வந்திருந்தது. மேசையின் ஒரு கோடியில் தலைவர். எனக்கு நேர் எதிரே மச்சாள், நீலக் கோட்டும் கட்டிய கூந்தலுமாக. என்னைப் பார்க்கவில்லை. மற்றக் காரியங்களை எல்லாம் பேசி முடித்துவிட்டுத் தலைவர் என் பக்கம் திரும்பினார்.

"கணக்காய்வாளர்களுக்குப் போகவேண்டிய கருத்து. வாசித்துவிட்டீர்களா?"

"வாசித்தேன். என்னால் கையொப்பம் வைக்க முடியாது."

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு காரணத்தைச் சொன்னேன். போனஸும் வரம்புக்குள் அடங்கும், கொள்கையில் தெளிவாக இருக்கிறது, கவுன்சிலர்களின் வாக்கு இல்லாமல் கொடுத்தது செல்லாது. நான் சொன்னதை ஒருவரும் மறுக்கவில்லை. மறுக்க முடியாதது என்று அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அதுதான் அவர்களுக்கு ஆத்திரம்.

"போனஸ் கிடைக்காதவர் வேறு எப்படிச் சொல்வார்?" என்றார் ஒப்பந்தங்களைப் பார்க்கும் ஒருவர். நான் அவருக்கு எத்தனையோ தடவை தேநீர் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இரண்டொருவர் சிரித்தார்கள். இன்னொருவர், "பழைய கணக்கைத் தீர்க்கிறார்" என்றார். தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேறு யாரையாவது வாசிக்க வைக்கலாமே, பக்கத்துக் கவுன்சிலில் தனக்குத் தெரிந்தவர் இருக்கிறார், அவர் "நடைமுறை தெரிந்தவர்" என்று மெல்ல இழுத்தார். காது இரண்டும் எரிந்தன. அந்த மேசையில் அவ்வளவு தனியாக நான் ஒருநாளும் இருந்ததில்லை.

அப்போது மச்சாள் எழுந்தார்.

"இவர் இதை வாசித்திருக்கவே கூடாது" என்று ஆங்கிலத்தில் சொன்னார். நீதிமன்றத்தில் பேசும் குரல் அது. "இவர் என் தம்பியின் மனைவி. எனக்குப் போனஸ் கிடைக்கிறது. ஆகவே இவருக்கு இதில் நலன் இருக்கிறது. இதைக் கூட்டக் குறிப்பில் எழுதுங்கள்."

எல்லோர் தலையும் என் பக்கம் திரும்பியது.

"உண்மையா?" என்றார் தலைவர்.

"உண்மைதான்."

இரண்டு நாள் முன் வீடு நிறைந்த சனத்துக்கு நடுவே என்னை மூத்த மருமகள் என்று அழைத்தவர், இந்தக் கட்டடத்தில் என்னைச் சொந்தம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அதுவும் என் வாயை அடைப்பதற்கு. மனம் விட்டுப்போயிற்று. அழுதால் எரிச்சல் என்பார்கள், எழுந்து போனால் குற்றவாளி என்பார்கள். அசையாமல் இருந்தேன்.

கணக்காய்வாளர்களும் பார்க்கக்கூடிய குறிப்பில் நலன் என்ற சொல் ஏறிய பிறகு தலைவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. தெரிந்தவர், நடைமுறை தெரிந்தவர் என்ற பேச்சுக்கே இடமில்லை. அன்றைக்கே வெளியில் பாரிஸ்டரிடம் போனது. நான் சொன்னதைத்தான் அவரும் சொன்னார். தலைவருக்கு நாலு பக்கம் தேவைப்பட்ட இடத்தில் அவருக்கு ஒரு பக்கம் போதுமாக இருந்தது. போனஸ் நின்றது. வரம்புக்கு மேலே வாங்கியதை எல்லோரும் தவணையில் திருப்பிக் கட்ட வேண்டும் என்று முடிவானது. உறவை மறைத்ததற்காக எனக்கும் மச்சாளுக்கும் ஆளுக்கொரு எச்சரிக்கை. தலைவர் அதற்குப் பிறகு என் மேசைக்குப் பிஸ்கட் கொண்டு வரவில்லை.

சொந்தத்துக்குள் கதை வேறு மாதிரிப் போனது. நான் எரிச்சலில் கெடுத்தேன் என்று சொல்ல ஆசைப்பட்டவர்களுக்கு ஒரு சிக்கல். கெடுத்தது பாரிஸ்டர். என் கையொப்பம் எங்கும் இல்லை. வாசித்ததே செல்லாது என்று மச்சாளே எழுந்து சொல்லியிருக்கிறார். அதனால் "எரிச்சல், கெடுக்க நினைச்சவள்தானே" என்பதோடு வாயை மூடிக்கொண்டார்கள். மச்சாளோடு நான் பேசவில்லை. அவரும் பேசவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு என் கணவர் மட்டும் பார்க்கிங்குக்குப் போய்வருவார். அலுவலக லிப்டில் இருவரும் தனியே அகப்பட்டால் தளம் காட்டும் விளக்கைப் பார்த்துக்கொண்டு நிற்போம். கணவாய்க் கறி வரவில்லை. எனக்கு அவர் மேல் கோபம் ஆறவில்லை. கறி இல்லாததும் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

குளிர் தொடங்கிய நேரம் என் கணவர் வந்து சொன்னார். "அக்கா மேல் அறையளை வாடகைக்கு விடுறா. சுவிஸிலை இருந்து வந்த ஒரு குடும்பம் வருகுது. சாமான் இறக்கோணும். அண்ணைக்கு முதுகு ஏலாது. எனக்கு ஷிப்ட்." கேட்காமலே கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. போனேன்.

மச்சாள் பழைய பாவாடையும் தடித்த சுவெட்டருமாகக் கதவைத் திறந்தார். மெலிந்திருந்தார். மேல் அறைகளில் இருந்த பெட்டிகளை இறக்கி, கடைசியாகக் கட்டிலையும் ஹால் வரைக்கும் கொண்டுவந்து வைத்தோம். வீடு முழுவதிலும் அவருக்கென்று மிஞ்சியது கீழே முன்னறை மட்டும். ஹாலில் புகை மணி இன்னும் அந்தக் குளியல் தொப்பியோடு இருந்தது. ஒருவரும் கழற்றவில்லை. அதைப் பார்த்ததும் என்னால் அடக்க முடியவில்லை.

"ஏன் மச்சாள் அண்டைக்கு எழும்பினீங்கள்? சொல்லாதையும் எண்டு என்னைக் கெஞ்சிப்போட்டு, எல்லாருக்கும் முன்னாலை ஏன் சொன்னீங்கள்? என்னை அசிங்கப்படுத்தவோ?"

மச்சாள் கட்டிலின் தலைமாட்டைப் பிடித்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீர் சொன்னது சரி எண்டு எனக்குத் தெரியும். அந்த மனுசன் ஆரையோ பிடிச்சுக் கையொப்பம் வைப்பிச்சாலும், கணக்காய்வாளர் ஒருநாளைக்குப் பிடிச்சிருப்பினம். போனஸ் எப்பிடியும் போறதுதான். வீடும் போறதெண்டால் போகட்டும்." மூச்சு வாங்க நின்றார். "ஆனால் நீர் கையொப்பம் வைக்காததாலை போனது எண்டு இருக்கக் கூடாது. இருந்தால் தம்பி பிறகு என்ரை வீட்டு வாசல்லை எப்பிடி வந்து நிப்பான்? உம்மட வீட்டிலை எப்பிடி இருப்பான்? அதுதான் எழும்பினனான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை மாதமும் லிப்டில் இந்த மனுசியைப் பார்க்காமல் விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேனே என்று வெட்கமாக இருந்தது.

"பிறகு அழலாம்" என்றார் மச்சாள். "இப்ப மற்றப் பக்கத்தைத் தூக்கும். கட்டில் பாரம்."